இரண்டு நாட்டுக் கரி

மெராந்தித் தீவு, ரியாவ், இந்தோனேசியா
10 ஜனவரி 1991

அன்புள்ள போக் செங் அண்ணனுக்கு,

தம்பி போக் ஹாய் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கண் மட்டும் புகையில் எரிகிறது. அதைச் சூளைக்காரன் நோயில் சேர்ப்பதில்லை. அம்மாவும் அண்ணியும் நீங்களும் சுகந்தானே.

இது நான் இங்கே கழிக்கப்போகும் ஆறாவது சீனப் புத்தாண்டு. "மூணு வருஷம்டா, அதுக்கு மேல ஒரு நாள் இல்ல" என்று படகுத்துறையில் நின்று சொன்னீர்கள். மூன்றும் முடிந்ததும் பேச்சை மாற்றினீர்கள். ஒசாகா வியாபாரி வருஷக் கடைசியில் அனுப்பும் பட்டியலில், இந்தோனேசியாவிலிருந்து போகும் கரி மலேசியாவிலிருந்து போகும் கரியை எந்த வருஷம் முந்துகிறதோ, அந்த வருஷம் நான் ஊர் திரும்பலாம் என்றீர்கள். அதற்கப்புறம் இங்கே எவனை உட்கார வைத்தாலும் தொழில் தானாக நடக்குமாம். சரி என்றேன். வேறென்ன சொல்வது? வந்தது கரிப்படகில். அடையாள அட்டை உங்கள் பெட்டியில். இங்கே எனக்கு ஹர்த்தோனோ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வருஷம் பத்துச் சூளையும் ஓயாமல் எரிந்தன. ஒன்பதாயிரம் மூட்டை உங்களுக்கு ஏற்றிவிட்டேன். பட்டியல் வந்ததும் இரண்டு நாட்டுக்கும் எவ்வளவு என்று எழுதுங்கள். அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொல்ல மறக்க வேண்டாம். கரியில் தேய்த்து அவள் ஓரத்தில் வைக்கிற கட்டைவிரல்தான் எனக்கு வருகிற கடிதம்; மீதியெல்லாம் உங்கள் எழுத்து. மரப்பட்டை உரிக்கும்போது கோடாலி பட்ட தழும்பு குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். அதைப் பார்த்தாலே அவள் திட்டுவது காதில் கேட்கும்.

எல்லாருக்கும் என் வணக்கம்.
தம்பி போக் ஹாய்


சுங்கை கெராங், பேராக், மலேசியா
6 பிப்ரவரி 1991

தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் படகோட்டி தாயிப் சொன்னார். "உங்க தம்பி மூங்கிலா மெலிஞ்சுட்டாரு, கோவம் மட்டும் கொழுத்துருக்கு" என்கிறார்.

பட்டியல் வந்துவிட்டது. 1990இல் மலேசியா நாற்பத்தோராயிரம் மூட்டை. இந்தோனேசியா இருபத்தெட்டாயிரம். இன்னும் பதின்மூன்றாயிரம்தான் வித்தியாசம். மனம் தளராதே. சூளைப் புகையின் வாசனை தெரிந்தவன் நீ, வியாபாரம் தெரிந்தவன் நான். எனக்குப் பச்சை மரத்துக்கும் வெந்த மரத்துக்குமே வித்தியாசம் தெரியாது என்று அம்மா இன்றும் ஊர் சிரிக்கச் சொல்கிறாள். ஆளுக்கொரு வேலை. அதனால்தான் உன்னை அங்கே வைத்திருக்கிறேன்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த எருமைக்குக் கஞ்சி வேகுதா, இல்ல சேத்து நண்டையே சுட்டுத் தின்னுட்டுக் கெடக்கானா? பல்லு வெளக்குறானான்னு கேளு. நான் மண்டையப் போடறதுக்குள்ள வந்து மூஞ்சியக் காட்டச் சொல்லு. வரலேன்னா செத்தும் அவன் சூளை மேலதான் ஒக்காந்திருப்பேன்." ஓரத்தில் கைநாட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணன் போக் செங்


மெராந்தித் தீவு
18 மார்ச் 1991

அண்ணனுக்கு,

நலம். பல் விளக்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பழைய பட்டியல்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறைக்கிறது. 1985இல், நான் படகேறுவதற்கு முன், மலேசியா முப்பத்திரண்டு, இந்தோனேசியா இருபத்தெட்டு. ஐந்து வருஷம் நான் இங்கே சேற்றில் புரண்ட பிறகும் இந்தோனேசியா அதே இருபத்தெட்டு. மலேசியா மட்டும் நாற்பத்தொன்று. அங்கே காட்டிலாகா ஒரு சூளைக்கு இத்தனை ஏக்கர் என்று அளந்துதான் கொடுக்கிறது. அதற்கு மேல் ஒரு மரம் கூட வெட்டவிடாது. அப்படியிருக்க அந்த ஒன்பதாயிரம் மூட்டை எங்கே முளைத்தது? நான் அனுப்பியதும் ஒன்பதாயிரம்தான். படித்தவர் நீங்கள், விளக்குங்கள்.

இங்கே ஒரு செய்தி. அடுத்த ஓடைச் சூளைக்காரர் கோவின் தகப்பனார் சிங்கப்பூரில் தவறிவிட்டார். நம் ஆட்களின் வழக்கப்படி பெற்றவர் செத்தால் பிள்ளை நாற்பத்தொன்பது நாள் சூளைக்கு நெருப்பு வைக்கக் கூடாதல்லவா, எட்டுச் சூளையும் ஆறிக் கிடக்கின்றன. வேலையாட்களும் அந்த வீட்டு நெருப்பைத் தொடமாட்டார்கள். கோ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "அப்பன் ஒருத்தன்தான், மரம் அடுத்த வருஷமும் மொளைக்கும்" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
போக் ஹாய்


சுங்கை கெராங்
25 ஏப்ரல் 1991

தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். மழை விட்டால் சரியாகும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஒன்பதாயிரமும் உன்னுடையதுதான். துறையில் இறக்கியதும் நம் மூட்டையில் மாற்றிக் கட்டி, நம் முத்திரை போட்டு ஜப்பானுக்கு அனுப்புகிறோம். ஒசாகாக்காரனுக்குப் பேராக் கரி என்றால்தான் நாக்கில் எச்சில் ஊறுகிறது. நான் என்ன செய்ய? உன் கரி வேறு, என் கரி வேறா? ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு நாடு பிரித்துப் பேசுகிறாய்.

கோவைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மனிதர், ஆனால் எட்டுச் சூளையை நாற்பத்தொன்பது நாள் பட்டினி போடுகிற அளவுக்கு நல்லவராக இருக்கக் கூடாது.

இன்னொன்று. சூளை வாயை அடைத்தபின் எட்டு நாள் ஆறவிடுகிறாயாம். ஐந்தாம் நாளே திறந்து தண்ணீர் தெளித்து மூட்டை கட்டினால் வருஷத்தில் இன்னும் மூன்று தடவை சூளை வைக்கலாமே. யோசி.

அண்ணன்


மெராந்தித் தீவு
20 மே 1991

அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

ஆகவே நான் எவ்வளவு எரிக்கிறேனோ அவ்வளவும் எனக்கு எதிர்ப்பக்கம் போய் ஏறிக்கொள்கிறது. நான் நூறு அனுப்பினால் உங்கள் நாடு நூறு முன்னே போகிறது. இந்த ஓட்டத்தில் நான் எந்த ஜென்மத்தில் முந்துவது? இதை நினைத்து நினைத்து நேற்று வேலையாட்கள் முன்னாலேயே சிரித்துவிட்டேன். "மொதலாளிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, கரியோட பேசுறாரு" என்று ஒருவன் சொன்னான். அவனுக்கு அன்றைக்குச் சோறு போடச் சொல்லவில்லை. நானும் உங்கள் தம்பிதானே.

ஐந்தாம் நாள் திறக்க முடியாது. மரம் வெளியே ஆறினாலும் கட்டையின் நடுவில் கங்கு தூங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்தால் மேல்தோல்தான் நனையும். இறுக்கி மூடி வைத்தால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். காற்றுப் பட்டதும் விழிக்கும். நல்ல கரியைத் தட்டினால் வெண்கலம் போல் ஓசை வரும். அந்த ஓசை வராததை நான் மூட்டை கட்டமாட்டேன்.

என் அடையாள அட்டையைத் தாயிப் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இருமல் எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் காட்டினீர்களா? அம்மாவைப் பார்க்க வேண்டும், அண்ணா. இதில் வியாபாரம் ஒன்றும் இல்லை.

போக் ஹாய்


சுங்கை கெராங்
30 ஜூலை 1991

தம்பிக்கு,

இங்கே யாவரும் க்ஷேமம். வேலை மும்முரத்தில் இரண்டு மாதமாக எழுத முடியவில்லை.

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. நன்றாகத் தூங்குகிறாள். உன்னை இப்போது வரவேண்டாம் என்கிறாள். "தம்பி பொறுப்பா இருந்து ஜப்பான் ஆர்டரை முடிச்சுக் கொடுக்கட்டும். நவம்பருக்குள்ள மூவாயிரம் மூட்டை அனுப்பணும். அண்ணன் பேச்சை மீறவேண்டாம்" என்று சொல்லச் சொன்னாள்.

சென்ற மாதம் இங்கே நம் சூளைகள் சரியாக எரியவில்லை, பழுது பார்க்க வேண்டியிருந்தது. அதனால் உன் கரியைத்தான் நம்பியிருக்கிறேன். நவம்பர் முடிந்ததும் அட்டையைக் கட்டாயம் அனுப்புகிறேன். அம்மா மேல் ஆணை.

ஓரத்தில் அவள் கைநாட்டு.

அண்ணன்


மெராந்தித் தீவு
22 ஆகஸ்டு 1991

அண்ணனுக்கு,

நலம், நலம் அறிய ஆவல்.

அம்மா சொன்னதாக எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். என்னைத் தம்பி என்கிறாள். ஆர்டர் என்கிறாள். எருமை என்று சொல்லவில்லை, கஞ்சி வேகிறதா என்று கேட்கவில்லை. இருமல் நின்றதோடு திட்டும் நின்றுவிட்டதா?

கைநாட்டைச் சூளை வாயின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ரேகையெல்லாம் முழுசாக, அழகாக விழுந்திருக்கிறது. குறுக்கே வெள்ளைக் கோட்டைக் காணோம். தழும்பு எங்கே, அண்ணா?

போக் ஹாய்


சுங்கை கெராங்
20 செப்டம்பர் 1991

தம்பிக்கு,

சௌக்கியம். உனக்குத்தான் தனிமையில் மூளை குழம்பிவிட்டது என்று நினைக்கிறேன். எழுபத்திரண்டு வயதில் தோல் சுருங்கினால் தழும்பு மறையாதா? அண்ணி தினமும் தைலம் தேய்த்து விடுகிறாள். பெற்றவளின் விரலைப் போலீஸ்காரன் மாதிரிச் சோதிக்கிறாயே, வெட்கமாக இல்லையா?

நவம்பர் முதல் வாரம் மூவாயிரமும் வந்தாக வேண்டும். ஐந்தாம் நாள் திற. இது அண்ணன் உத்தரவு.

போக் செங்


சுங்கை கெராங்
2 அக்டோபர் 1991

கொழுந்தனாருக்கு அண்ணி சியூ லுவான் எழுதுவது.

உங்கள் சுகத்தைத் தினமும் சாமி மாடத்தில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. தாயிப்புக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தைரியமாகக் கொடுக்கிறேன்.

போன கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் பார்த்தது என் கட்டைவிரல். அத்தை ஜூன் மூன்றாம் தேதி காலையில் போய்விட்டார்கள். கடைசி வாரம் முழுக்க, "எரும வந்துட்டானா, படகு வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று நானும் பொய் சொன்னேன்.

ஊருக்குத் தெரிந்த சாவு என்பதால் இங்கே சூளைகளை நாற்பத்தொன்பது நாளும் மூடித்தான் வைத்தார். உங்களுக்கும் தெரிந்தால் அங்கே பத்தும் அணைந்துவிடும், ஜப்பானுக்கு அனுப்ப ஒரு மூட்டை இருக்காது. "அவனுக்குச் சொன்னா உடனே தீயை அணைப்பான். நவம்பர்ல சொல்லிக்கலாம். செத்தவ நவம்பர்லயும் செத்துத்தான் இருப்பா" என்றார். நானும் விரலை நீட்டினேன்.

படகுக்காரர்கள் ஊருக்குள் போவதில்லை, துறையோடு திரும்பிவிடுவார்கள்; வீட்டுக்குள் தண்ணீர் குடிக்க வந்தால் மட்டும் கண்ணில் பட்டுவிடும் என்று, அத்தையின் பெயர் எழுதி, அவர்கள் உயிர் அதில் இருப்பதாக நாம் கும்பிடுகிற பலகையைக் கூட மாடத்திலிருந்து எடுத்து எங்கோ ஒளித்துவிட்டார். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. வெறும் மாடத்துக்குத்தான் ஊதுபத்தி வைக்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

சியூ லுவான்


மெராந்தித் தீவு
3 நவம்பர் 1991

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நீடு நலமாக இருக்க வேண்டும். அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தழும்பைப் பற்றி எழுதியது என் தவறு. நீங்கள் சொன்னது சரி. தனியாக இருப்பவனுக்குக் கண்டதெல்லாம் தோன்றும். உங்கள் உத்தரவுப்படியே ஐந்தாம் நாள் திறந்து, தண்ணீர் தெளித்து, மூவாயிரம் மூட்டையும் ஏற்றியிருக்கிறேன். படகின் அடித்தளத்தில் காற்றுப் புகாமல் தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடியிருக்கிறேன். வழியில் யாரும் திறக்கவேண்டாம் என்று தாயிப்பிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "பொண்ணக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரி பாக்குறீங்களே" என்று கேலி செய்தார்.

உங்களுக்குச் சூளை விவரம் தெரியாது என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஈரம் கொஞ்சம் இருக்கும். சரக்குக் கிட்டங்கியில் நெருக்கி அடுக்கவேண்டாம். மூட்டைக்கு மூட்டை ஒரு முழம் இடைவெளி விட்டு, கடல் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். நன்றாகக் காற்றோடட்டும். உங்கள் பேராக் கரியையும் பக்கத்திலேயே அடுக்குங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கத் தெரியாது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே.

கரித்தூசி மூச்சுக்கு ஆகாது. அண்ணியை ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போகவிட வேண்டாம். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

நான் இன்றோடு பத்துச் சூளையையும் அணைத்துவிட்டேன். காரணம் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும்.

போக் ஹாய்


சுங்கை கெராங்
26 ஜனவரி 1992

போக் ஹாய்க்கு,

புத்தாண்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. என் சுகத்தை எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே ஒரு முழம் இடைவெளி விட்டு அடுக்கினேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். உன் புத்தியை நம்பினேன். மூன்றாம் நாள் நடுப்பகலில், கடல்காற்று ஏறும் நேரத்தில், கிட்டங்கியின் நான்கு மூலையிலும் ஒன்றாகப் பிடித்தது. ஓலைக்கூரை கால் மணி நேரம் தாங்கவில்லை. உன் மூவாயிரமும் என் ஆறாயிரமும் சேர்ந்து எரிந்தன. ஐந்து நாள் எரிந்தது.

அம்மா இறந்ததை உனக்கு யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். அவளே சொன்னாள். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பலகையைக் கிட்டங்கியில் என் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வெளியே நின்று, "உள்ள அம்மா இருக்காங்க" என்று கத்தினேன். சொல்லி முடிக்கவில்லை, சியூ லுவான் உள்ளே ஓடிவிட்டாள். நான் ஓடவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. அவள் பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கத்தான் முடியவில்லை. தைப்பிங் மருத்துவமனையில் ஏழு வாரம் இருந்தாள். ஐந்து விரல் மிச்சம் இருக்கிறது.

மூடிய தகரத்துக்குள் காற்றில்லாததால் பலகை சாம்பலாகவில்லை. கறுத்து, சுருங்கி, கரியாகியிருக்கிறது. பெயர் தெரியவில்லை. தட்டினால் வெண்கலம் போல ஓசை வருகிறது. அதில் பாதியைத் துணியில் சுற்றித் தாயிப்பிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல கரியா, இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தொழில் தெரியாது.

ஒசாகாவிலிருந்து பட்டியல் வந்தது. 1991இல் இந்தோனேசியா இருபத்தெட்டாயிரம், எப்போதும் போல. மலேசியா இருபத்தாறாயிரம். நீ முந்திவிட்டாய். கொடுத்த வாக்கை நான் மாற்றமாட்டேன். ஊர் திரும்பலாம். உன் அடையாள அட்டையும் அதே பெட்டியில்தான் இருந்தது. கரையில் இறங்கும்போது நீ யார் என்று கேட்பார்கள். உனக்குத் தோன்றிய பெயரைச் சொல்லிக்கொள்.

நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சியூ லுவான் தானும் கைநாட்டு வைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "அவருக்கு வர்ற கடிதமே அதுதானே" என்று கரியைத் தொட்டு அவளே வைத்திருக்கிறாள். ஓரத்தில் பார். இந்தத் தடவை தழும்பு இருக்கிறது.

போக் செங்